பச்சைப் புள்ளி

அந்தக் கம்பெனியில் அக்காவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. முட்டுக்கட்டை. வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். கம்பெனியும் அவனுடையதுதான். மண்ணில் குத்தி வைத்தால் ஈரம் எவ்வளவு என்று செல்போனுக்குச் சொல்லும் சென்சார்களைச் செய்து விற்பது அவர்கள் தொழில். மண் காய்ந்தால் சென்சார் சேதி அனுப்பும், பம்ப் அறைக் கூரையில் இருக்கும் ரிசீவர் அதை வாங்கிக்கொள்ளும், குழாயின் வால்வு தானாகத் திறக்கும், விவசாயி காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நிஜமாகவே காலை நீட்டலாமா என்று சோதித்துச் சொல்வது அக்காவின் வேலை.

அக்கா பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்வாள். முன்பு தராசு செய்யும் தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவள், அங்கேயே அந்தக் குணம் ஊறிவிட்டது. வாடகை வீட்டின் கீழ்த்தளம்தான் கம்பெனி. மாடியில் தம்பியும் அம்மாவும். கார் நிற்க வேண்டிய இடத்தில் அக்காவின் மண் வாளிகள் நின்றன. மண்ணை மின்சார அடுப்பில் காயவைத்து, நிறுத்து, தண்ணீர் அளந்து ஊற்றி, சென்சார் சொல்வதும் தராசு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். ஒத்துப்போகாததைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு "தேறல" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் தம்பி தலைகீழாக நின்றாலும் நடக்காது. எதிர்வீட்டார் அவளை மண் சமைக்கிற அம்மா என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் அடுத்த வாளியை எடுத்தாள்.

புதிதாகச் செய்த சென்சார் அவளுக்கே பிடித்திருந்தது. களிமண்ணிலும் தேறியது, மணலிலும் தேறியது, தண்ணீரில் முக்கி எடுத்தும் தேறியது. இனி வயல்தான் பாக்கி. அதற்கு ஒருவர் தன் மக்காச்சோள வயலை விட்டுக்கொடுத்தார். கம்பெனியில் அவருக்குச் சோளக்காரர் என்றே பெயராகிவிட்டது. பயிர் முழங்கால் உயரம்கூட வராத நேரத்தில் சென்சார்களை நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, குச்சியின் மேல் பேட்டரி வைத்த சிறிய பெட்டி. செல்போனில் வயலின் படம் வரும். அதில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு புள்ளி. பச்சை என்றால் ஈரம் போதும், சிவப்பு என்றால் தண்ணீர் வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனையை அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். சோதனை முடியும்வரை வால்வில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் எது மிஷின் விட்ட தண்ணீர், எது மனிதர் விட்ட தண்ணீர் என்று பிரிக்க முடியாது. சோளக்காரர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான் என்கிற ஆள் அவர். கொஞ்சம் பெருமைக்காரரும்கூட. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தபடியே தன் வயலைச் செல்போனில் எடுத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குக் காட்டுவார். அவர்கள் கேட்காவிட்டாலும் காட்டுவார்.

சோளம் ஆள் உயரம் தாண்டிப் பூ எடுத்த சமயத்தில் சோளக்காரரின் மனைவி அக்காவுக்குப் போன் செய்தார். கணவருக்குத் தெரியாமல் பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. கிழக்கு மூலையில் இலையெல்லாம் சுருண்டுகிடக்கிறது, கேட்டால் போனில் பச்சையாக இருக்கிறது, வெயிலுக்குச் சுருண்டிருக்கும் என்கிறார், வால்வில் கை வைக்க மாட்டேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டாராம், அந்தப் பிடிவாதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஒரே மூச்சில் கொட்டினார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"உங்க போனுக்குக் கண்ணு இருக்காம்மா, இல்ல அதுவும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதானா?"

அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வயலோரத்தில் நின்று செல்போனைத் திறந்தாள். எல்லாப் புள்ளியும் பச்சை. கிழக்கு மூலை மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. பயிருக்குள் நுழைந்தாள். இலைகள் கையைக் கீறின. மூலைக்குப் போகப் போகக் காலடியில் மண் நொறுங்கும் சத்தம் கேட்டது. அங்கே சோளம் நின்றுகொண்டிருந்ததே தவிர, அதில் உயிர் பாதிதான் இருந்தது. இலைகள் குழல் குழலாகச் சுருண்டிருந்தன. பூவெடுக்கும் நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிரில் மணி பிடிக்காது, பிறகு குளமே வந்து நின்றாலும் பயனில்லை. இது அவளுக்குத் தெரியும்.

பெட்டியைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. நட்ட நாளில் பயிருக்கு மேலே எடுப்பாக நின்ற பெட்டி, இப்போது இலைக் கூட்டத்துக்கு அடியில் முங்கிக் கிடந்தது. அக்கா பையிலிருந்து கையடக்கத் திரையை எடுத்துச் சென்சாரில் நேரே இணைத்தாள். மண் காய்ந்துவிட்டது என்று சென்சார் தெளிவாகச் சொன்னது. அது ஒரு தப்பும் செய்யவில்லை. தண்ணீர், தண்ணீர் என்று பாவம் விடாமல் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வளர்ந்த சோளத்தைத் தாண்டி அந்தக் குரல் ரிசீவருக்குப் போய்ச் சேரவில்லை. இளம்பயிரில் சிக்னலைச் சோதித்துவிட்டுச் சபாஷ் சொல்லிக்கொண்டவர்கள் பயிர் வளரும் என்பதை மறந்திருந்தார்கள். அந்தச் சபாஷில் அக்காவுக்கும் பங்கு உண்டு.

சரி, சேதி வரவில்லை. அப்படியானால் பச்சை எங்கிருந்து வந்தது? அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கொதித்தது. நேரே வால்வுக்குப் போய் இரண்டு கையாலும் திருகித் திறந்துவிட்டாள். அதற்குள் சோளக்காரர் ஓடிவந்துவிட்டார். தண்ணீர் பாய்வதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்கதானம்மா கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றார்.

அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சொன்னது நான்தான், தப்பாகிவிட்டது, இனி உங்கள் கண்ணுக்கு எப்போது காய்ந்ததாகத் தெரிகிறதோ அப்போதெல்லாம் திறந்துவிடுங்கள் என்றாள். அவர் சுருண்ட இலை ஒன்றை விரலால் நீவிப் பிரித்துக்கொண்டே நின்றார்.

கம்பெனிக்குத் திரும்பியதும் தம்பியைப் பிடித்தாள். அவன் மழுப்பவெல்லாம் இல்லை. போன வருடம் ஒரு கண்காட்சியில் அரங்குக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்ததாம். திரையில் புள்ளிகள் மறைந்து மறைந்து மானத்தை வாங்கியதாம். அதனால் சேதி வராதபோது கடைசியாக வந்த அளவையே காட்டும்படி ஒரு மாற்றம் செய்தானாம். கண்காட்சி முடிந்ததும் எடுத்துவிட நினைத்து மறந்துவிட்டான். பிறகு நினைவு வந்தது. ஆனால் திரை பார்க்க அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டான். ஒரு மனிதன் தன் தப்பை மறந்துபோனால் மன்னிக்கலாம். அது அழகாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன செய்வது?

"சிவப்புப் புள்ளியும் காலி இடமுமா காட்டினா எவன்க்கா வாங்குவான்?" என்றான் தம்பி.

"பச்சையைக் காட்டிப் பயிரைக் கொல்லுதே, அதை வாங்குவானா?"

அதை இப்போது கிளறாதே என்றான். விவசாயிகள் சங்கம் இரண்டு வாரத்தில் வயலைப் பார்க்க வருகிறது, பிடித்தால் சங்கத்தைச் சேர்ந்த அத்தனை வயலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், கம்பெனி நிமிர்ந்துவிடும், அடுத்த பருவத்துக்குள் சரிசெய்துவிடலாம். கிழக்கு மூலையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டேன் என்றான். அக்கா செல்போனைத் திறந்து பார்த்தாள். சோளக்காரரின் வயலில் ஒரு மூலையைக் காணோம். வயல் அந்த இடத்தில் சுத்தமாக வெட்டி எடுத்தது போல முடிந்திருந்தது. அந்த மூலையில் இன்னமும் ஒரு சென்சார் கத்திக்கொண்டிருக்கிறது.

சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்து வேண்டும், சங்கம் அதைக் கேட்டிருந்தது. போட மாட்டேன் என்றாள். ஒரு மூலைக்காக அத்தனை பேர் உழைப்பையும் கெடுக்கிறாயே என்று அவன் கத்தினான். கூடப் பிறந்தவர்கள் சண்டையில் கையில் இருக்கும் விஷயம் மட்டும் தனியாக வராது. சின்ன வயதில் அவள் அவனுடைய பட்டத்தைக் கிழித்தது வந்தது, அவனுக்காக அவள் தராசுத் தொழிற்சாலை வேலையை விட்டது வந்தது, யார் யாரைச் சுமந்தார்கள் என்பது வந்தது. சத்தம் கேட்டு அம்மா மாடிப்படியில் பாதி இறங்கி வந்து நின்றார்.

"தம்பி வாயில நீயே மண்ணை அள்ளிப் போடாதடி" என்றார்.

அக்கா மண் வாளி ஒன்றை ஓரமாக நகர்த்திவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். அம்மா சொன்னது பொய்யாகவும் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. கம்பெனி விழுந்தால் அம்மா இருக்கும் மாடியும் சேர்ந்துதான் போகும். ஆனால் சங்கம் எடுத்துக்கொண்டால், முகம் தெரியாத எத்தனையோ வயல்களில் சோளக்காரர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு மூலை இருக்கும்.

சங்கம் வரும் நாளில் நீ வர வேண்டாம், உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தம்பி ஆள்விட்டுச் சொல்லியனுப்பினான். எனக்கு உடம்பு கல்லுமாதிரி இருக்கிறது என்று அதே ஆளிடம் பதில் சொல்லி அனுப்பிவிட்டு அக்கா போனாள்.

பம்ப் அறைக்கு முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பெரிய திரை. தம்பி நல்ல சட்டை போட்டிருந்தான். அவனுக்குப் பேச வரும். மண் பேசுகிறது, இனி உங்கள் வயல் உங்கள் சட்டைப்பையில் என்றெல்லாம் எடுத்துவிட்டான். சங்கத்துக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். சோளக்காரர் ஓரமாக நின்றார். நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி அவரிடம் கேட்டிருந்தார்கள். அவர் இதுவரை ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவருடைய மனைவி பம்ப் அறை வாசலில் நின்று அக்காவையே பார்த்தார். சங்கத்தின் தலைவி அதிகம் பேசாத, வயதான பெண்மணி. கையில் குடையை ஊன்றியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதையெல்லாம் சோதித்தது யார் என்று மட்டும் கேட்டார்.

தம்பிக்குப் பொய் சொல்ல வழியில்லை. அக்கா எதிரிலேயே நின்றாள். எங்க அக்காதான் என்று கையைக் காட்டினான். காட்டிவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. மிட்டாய்க்கு அழுத காலத்து முகம் அது. அக்காவுக்கு நெஞ்சு இளகியது. அப்படியே சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் பக்கத்திலிருந்த முதல் சோள வரிசைக்குள் போனாள். குச்சியைப் பிடித்து அசைத்துச் சென்சாரை மண்ணிலிருந்து பிடுங்கினாள். பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். சென்சார் ஒரு கையில், பேட்டரி ஒரு கையில் கொண்டுவந்து, திரைக்கு முன்னால் மேஜைமேல் இரண்டையும் வைத்தாள். ஒட்டியிருந்த மண் மேஜைமேல் உதிர்ந்தது.

திரையில் அந்தச் சென்சாரின் புள்ளி பச்சையாக இருந்தது. கீழே ஈரம் போதும் என்று எழுதியிருந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவர் மேஜையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மேஜையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். தம்பி சிரிக்க முயன்றான். மாறுவதற்குக் கொஞ்ச நேரமாகும் என்றான். அப்படியா, காத்திருப்போம் என்று அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். தம்பி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. மேஜைமேல் கிடந்த மண்ணை ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார். வெயில் திரைமேல் ஏறியது. குடையை விரித்துத் திரைக்கு நிழல் பிடித்துக்கொண்டு தலைவி எட்டிப் பார்த்தார். பச்சை.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்டார்.

"அறுவடை வரைக்கும் உக்காந்திருந்தாலும் பச்சையாதான் இருக்கும்" என்றாள் அக்கா.

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். அக்கா எழுந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. சென்சாரைத் தூக்கிக் காட்டி, இது நல்ல சாமான், என் தம்பி செய்தது, இதைப்போல உண்மை பேசும் சாமானை நான் பார்த்ததில்லை, ஆனால் இது சொல்வது காதில் விழாதபோது திரை தானாகக் கதை கட்டுகிறது என்றாள். சோளம் வளர்ந்தால் காதில் விழாமல் போவது அடிக்கடி நடக்கும் என்பதையும் சொன்னாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்ததைச் சொல்லியிருக்க முடியாது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லத் தெரியணும். அது தெரியாத மிஷினுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போதுதான் சோளக்காரர் நகர்ந்தார். வாங்க என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கிழக்கு மூலைக்கு முன்னால் நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். படத்தில் இல்லாத இடத்தில் அவர் நின்று, ஒரு கதிரை ஒடித்துத் தோலை உரித்துக் காட்டினார். பொக்கை வாய்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள் இருந்தன. போனைக் காட்டிப் பெருமையடித்த அதே கையால் கதிரை ஒவ்வொருவரிடமும் கொடுத்து வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. சங்கத்துக்காரர்கள் நாற்காலிக்குத் திரும்பவில்லை. அப்படியே வண்டியேறிப் போய்விட்டார்கள்.

தம்பி திரையை மடக்கிக் காரில் வைத்தான். கதவை அடித்துச் சாத்தினான். இவ்வளவு பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய், இன்றோடு நீ எனக்கு அக்காவே இல்லை என்றான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அக்காங்கிறதாலதான் உன் முன்னாடி வெச்சுப் பண்ணேன். வேற ஒருத்தியா இருந்தா உன் முதுகுக்குப் பின்னாடி போயிருப்பா" என்றாள்.

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, அடுப்பைப் போட்டு, மண்ணைக் காயவைத்தாள். உடன் வேலை செய்தவர்கள் அவள் கண்ணில் படாமல் சுற்றிப் போனார்கள். அம்மா மாடியிலிருந்து இறங்கவே இல்லை. தம்பி வந்தான், போனான், அவள் மேஜையைக் கடக்கும்போது மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டான். சங்கத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது என்பது வாசலில் வந்து நிற்காத வண்டிகளைப் பார்த்தாலே தெரிந்தது. போகச் சொல்லட்டும், போகிறேன், அதுவரை நானாகப் போக மாட்டேன் என்று அக்கா வீம்பாக உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் தம்பி அவள் மேஜைமேல் ஒரு பெட்டியையும் ஒரு செல்போனையும் வைத்தான். முகத்தைப் பார்க்காமல், சேதி வராவிட்டால் இனி புள்ளி சாம்பல் நிறமாகிவிடும், குச்சிகளையும் ஆள் உயரத்துக்கு மேல் போகும்படி செய்திருக்கிறேன் என்றான். ராத்தூக்கம் இல்லாத கண்கள். "திருப்தியா?" என்று கேட்டுவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான்.

அவளுக்கு அந்த இடத்திலேயே ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. இத்தனை நாள் பேசாத தம்பி வந்து நிற்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், அம்மாவும் படியிறங்கி வருவார். அக்கா சென்சாரை வாளியில் குத்தினாள், வால்வை இணைத்தாள், பேட்டரியைக் கழற்றினாள். புள்ளி சாம்பலாயிற்று. சொன்னபடியே உடனே ஆயிற்று. அவள் வால்வைப் பார்த்தாள். அது மூடியே கிடந்தது, வயலாக இருந்தால் பயிர் காய்ந்துகொண்டுதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். செல்போன் மணி அடிக்கவில்லை, அசையவில்லை. முடிவெட்டும் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்தச் சாம்பலை யார் சொல்வது?

"தேறல" என்றாள்.

தம்பி அவளை முறைத்தான். அவன் காது மடல் சிவந்தது. இந்த முறை எதையாவது தூக்கி எறியத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் மண் வாளியைக் காலால் தள்ளி இடம் பண்ணி, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவளுக்கு எதிரில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்ன குறைன்னு சொல்லித் தொலை" என்றான்.